ஷுன்ஸுகே நகமுரா: மூன்று முறை ஒதுக்கப்பட்ட இடது கால்

இடதுகால் ரசிகன் (இழையைத் தொடங்கியவர்)

ஜப்பான் கால்பந்து என்றதும் நம் ஆட்களின் வாயில் வரும் பெயர்கள் நகாட்டா, ஹோண்டா, ககாவா. இப்போது மிட்டோமா, குபோ. நகமுரா பெயரை எடுத்தால் "ஆமா, அந்த மான்செஸ்டர் ஃப்ரீ கிக்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 1997இல் தொடங்கி 2022 வரை ஆடிய ஒருவரை ஒரே ஒரு உதைக்குள் அடக்கிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

ஆள் பிறந்தது யோகோஹாமாவில், 1978. பள்ளிப் பருவத்தில் மரினோஸ் கிளப்பின் சிறுவர் அணியில் இருந்தார். 15 வயதில் அங்கிருந்து அடுத்த நிலைக்கு, யூத் அணிக்கு, அவரை எடுக்கவில்லை. உடம்பு சின்னது, எதிராளி இடித்தால் தாங்காது என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். தோகோ காகுவென் என்ற உயர்நிலைப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். ஜப்பானில் பள்ளிகளுக்கான தேசியக் கோப்பை என்பது சாதாரண விஷயமில்லை, நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்க்கும். 1997 ஜனவரியில் அந்தப் பள்ளியோடு இறுதிப் போட்டி வரை வந்து, இச்சிரிட்ஸு ஃபுனபாஷியிடம் 2-1 என்று தோற்றார். அதே ஆண்டு, வேண்டாம் என்று அனுப்பிய மரினோஸே தொழில்முறை வீரராக அவரை எடுத்துக்கொண்டது. 2000இல் ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே லீக்கின் சிறந்த வீரர். வயது 22.

அப்புறம் 2002. சொந்த நாட்டில் உலகக் கோப்பை. பயிற்சியாளர் ஃபிலிப் த்ரூசியே அறிவித்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. மூன்றாவது முறை 2010: அணியில் இருந்தார், ஆனால் போட்டி தொடங்கும் நேரத்தில் இடம் பறிபோயிற்று.

மூன்று தடவையும் அவரிடம் இல்லாததைத்தான் பார்த்தார்கள். உடம்பு இல்லை, வேகம் இல்லை, ஓட்டம் போதாது. இருந்ததைச் சரியாக எடை போட்டவர்கள் குறைவு. இது என் கருத்து. மறுப்பவர்கள் வாருங்கள், பேசலாம்.

---

கோச் மாணிக்கம்

வணக்கம் தம்பி. நல்ல இழை. ஆனால் 2002 விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை.

த்ரூசியேயின் அமைப்பைப் பாருங்கள். பின்னால் மூன்று பேர், ஒரே கோட்டில் நின்று மேலே ஏறி ஆஃப்சைட் பொறி வைப்பார்கள். அப்படி ஏறும்போது பக்கவாட்டில் இருப்பவன்தான் முழு நீளத்தையும் காக்க வேண்டும். நடுவில் நகாட்டாவுக்கு இடம் கொடுத்தாகிவிட்டது. மீதி இருந்தது இடது ஓரம். அங்கே நகமுராவைப் போட்டுத்தான் 2000 ஆசியக் கோப்பையை லெபனானில் வென்றார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆசியா வேறு, பெல்ஜியமும் ரஷ்யாவும் வேறு. ஷின்ஜி ஓனோ அதே இடத்தில் ஆடக்கூடியவர். அப்போது நெதர்லாந்தின் ஃபெயெனூர்ட் அணியில் ஐரோப்பிய ஆட்டத்துக்குப் பழகியிருந்தவர்.

அதோடு கோச் என்பவர் 23 பேரைத் தேர்ந்தெடுக்கும்போது 23 திறமைசாலிகளைத் தேடுவதில்லை. உடை மாற்றும் அறை என்று ஒன்று இருக்கிறது. 34 வயது நகயாமாவையும் 31 வயது அகிதாவையும் அவர் எடுத்தது அதற்காகத்தான். முடிவு என்ன? பெல்ஜியத்துடன் 2-2, ரஷ்யாவை 1-0, துனிசியாவை 2-0. ஜப்பான் முதல் முறையாக நாக் அவுட் சுற்றுக்குப் போனது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

---

இடதுகால் ரசிகன்

கோச் சார், குழுப் போட்டி வரை சரி. நாக் அவுட்டுக்கு வாருங்கள். மியாகியில் மழை, எதிரே துருக்கி. 12ஆவது நிமிடத்தில் கார்னரிலிருந்து உமித் தவாலா தலையால் முட்டி ஒரு கோல். அதன் பிறகு ஏறக்குறைய 80 நிமிடம் ஜப்பானிடம் பந்து இருந்தது, கதவு திறக்கவில்லை. அந்த மேட்ச்சில் ஜப்பானின் சாண்டோஸ் உதைத்த ஃப்ரீ கிக் ஒன்று கோல் சட்டத்தில் பட்டு வெளியே போனது. ஒரு கோல் பின்தங்கி, எதிரணி பத்துப் பேரும் பின்னால் நின்று காக்கும் நேரத்தில் நிற்கும் பந்துதான் வழி. அதற்கு நாட்டிலேயே சிறந்த காலை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பெஞ்ச்சில் ஒரு இடம் கூடவா இல்லை?

---

சிவகாமி

2002 பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். எனக்கு நகமுரா என்றால் 2004 ஆசியக் கோப்பைதான். அதைப் பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

போட்டி சீனாவில். ஜப்பான் ஆடியது சோங்சிங் நகரத்தில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட ஊர். ஜப்பானின் தேசிய கீதத்துக்கே கூச்சல். ஒவ்வொரு தொடுகைக்கும் கூச்சல். ஓமனுடன் முதல் மேட்ச்சில் பெட்டிக்குள் இரண்டு மூன்று பேரை ஏமாற்றிவிட்டு இடது காலின் வெளிப்புறத்தால் சுழற்றி ஒரு கோல் போட்டார். 1-0. அந்த ஒரு கோல்தான் வித்தியாசம். வலது காலுக்கு வாகாக இருந்த பந்து அது. அதையும் இடது காலின் வெளிப்பக்கத்தால் அடித்தார்!

காலிறுதியில் ஜோர்டானுடன் 1-1, பெனால்டிக்குப் போனது. முதல் உதை நகமுரா. ஊன்றிய கால் வழுக்கியது, பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. அடுத்து சாண்டோஸ், அவரும் அதே இடத்தில் வழுக்கினார். கேப்டன் மியாமோட்டோ நடுவரிடம் போய், இந்தப் பக்கத்துத் தரை மோசமாக இருக்கிறது, மறுபக்கத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டார். நடுவர் சம்மதித்தார். பாதியில் பக்கம் மாற்றிய பெனால்டிச் சுற்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடைசியில் கவாகுச்சி கோல் முன்னால் மலையாக நின்று 4-3 என்று காப்பாற்றினார்.

இங்கே கவனிக்க வேண்டியது இது: முதல் உதையைத் தவறவிட்டவர் அடுத்த இரண்டு மேட்ச்சில் என்ன செய்தார்? பெய்ஜிங் இறுதிப் போட்டியில் சீனாவை 3-1 என்று வென்றபோது முதல் கோல் அவருடைய ஃப்ரீ கிக்கில் பிறந்தது, கடைசியாகத் தமாதா போட்ட கோலுக்கு அவர்தான் தடுப்பைப் பிளந்து பந்தைக் கொடுத்தார். தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். கோச் ஐயா, அழுத்தம் தாங்காத உடம்பு என்று யார் சொன்னது?

---

கோச் மாணிக்கம்

சிவகாமி அம்மா, அழுத்தம் தாங்காதவர் என்று நான் சொல்லவே இல்லை. அமைப்புக்குப் பொருந்தவில்லை என்றுதான் சொன்னேன். 2004இல் ஜிகோ பயிற்சியாளர். ஆட்டத்தையே நகமுராவைச் சுற்றி வைத்தார். அப்படி வைத்தால் அவர் ஜொலிப்பார். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

---

தெற்கு ஸ்டாண்ட்

இத்தாலியின் ரெஜினா அணியில் அவர் ஆடிய காலத்தை யாரும் தொடவில்லையே?

2002 உலகக் கோப்பை முடிந்த கையோடு இத்தாலிக்குப் போனார். ரெஜியோ கலாப்ரியா, இத்தாலிய பூட்ஸின் விரல் நுனியில் இருக்கும் ஊர். செரி ஆவில் கீழ்மட்டத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அணி. 10ஆம் எண் சட்டை கொடுத்தார்கள். முதல் சீசனில் லீக்கில் 7 கோல். அந்த ஆண்டு ரெஜினா அட்டலாண்டாவோடு தனியாக பிளே ஆஃப் ஆடித்தான் மேல் பிரிவில் தங்கியது. மூன்று சீசன் அங்கே இருந்தார், அந்த மூன்றிலும் அணி கீழே இறங்கவில்லை.

அங்கே அவருக்கு வாழ்க்கை சுகமில்லை. கீழ்மட்ட அணிக்கு வேலை பந்தைத் துரத்துவது, தடுப்பது, தூக்கி அடிப்பது. பந்து அவர் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கும். காயங்களும் சேர்ந்துகொண்டன. ஆனால் இத்தாலியத் தடுப்பாட்டக்காரர்களின் இடியில் மூன்று வருஷம் நின்றவர் பிறகு ஸ்காட்லாந்துக்குப் போகும்போது பயப்பட என்ன இருக்கிறது? செல்டிக்கில் பார்த்த நகமுரா ரெஜியோவில் உருவானவர் என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பெருமையை ரெஜினாவுக்கு யாரும் கொடுப்பதில்லை.

---

பச்சை வெள்ளை

செல்டிக் பேச்சு வந்துவிட்டது, இனி என்னைத் தடுக்காதீர்கள்.

2005 கோடையில் வந்தார். 25ஆம் எண். பயிற்சியாளர் கோர்டன் ஸ்ட்ராகன் அவரை வலது ஓரத்தில் நிறுத்தினார். இடது கால்காரரை வலது ஓரத்தில் வைத்தால் உள்ளே வெட்டி வந்து முழுக் களத்தையும் பார்க்கலாம், நடுவில் நடக்கும் மோதலிலும் சிக்க வேண்டாம். கோச் சார் சொல்லும் "அமைப்பு" இதுதான், அந்தக் காலுக்கு ஏற்ற வீட்டை ஸ்ட்ராகன் கட்டிக் கொடுத்தார். 2006, 2007, 2008 என்று தொடர்ந்து மூன்று லீக் பட்டம். 2007இல் சக வீரர்கள் வாக்களித்தும் பத்திரிகையாளர்கள் வாக்களித்தும் ஸ்காட்லாந்தின் சிறந்த வீரர் அவர்தான்.

2006 செப்டம்பர் 13, ஓல்ட் ட்ராஃபர்ட். மான்செஸ்டர் யுனைடெட் 2-1 என்று முன்னால். 43ஆவது நிமிடத்தில் ஃப்ரீ கிக், கோல், 2-2. கடைசியில் 3-2 என்று தோற்றோம்.

நவம்பர் 21, செல்டிக் பார்க். அதே யுனைடெட், அதே கோல்கீப்பர் வான் டெர் சார். 0-0. 81ஆவது நிமிடம், கோலிலிருந்து ஏறக்குறைய 30 கெஜம். இரண்டு மாதத்துக்கு முன்னால் அதே ஆளிடம் வாங்கிய கோல்கீப்பர், வரப்போவது தெரிந்தே நிற்கிறார். நகமுரா பந்தை வைக்கிறார், பின்னால் நகர்கிறார், ஒரு முறை கோலைப் பார்க்கிறார். அவசரமே இல்லை. சில அடி ஓட்டம். வலது கால் ஊன்றுகிறது, உடம்பு அந்தப் பக்கம் சாய்கிறது, இடது கால் சுழன்று வருகிறது. பந்து சுவரைத் தாண்டி ஏறி, மேல் மூலையில் போய் இறங்குகிறது. 197 செ.மீ. உயர ஆள் முழு நீளத்துக்குப் பாய்ந்தும் கைக்கு எட்டவில்லை. 89ஆவது நிமிடத்தில் யுனைடெட்டின் சாஹா அடித்த பெனால்டியை எங்கள் கோல்கீப்பர் போரூச் பிடித்தார். 1-0. சாம்பியன்ஸ் லீக்கில் செல்டிக் முதல் முறையாகக் கடைசி 16க்குப் போன இரவு அது. அடுத்த சுற்றில் மிலானிடம் கூடுதல் நேரத்தில் ககா போட்ட ஒற்றை கோலில்தான் வெளியேறினோம். மிலான் அந்த வருஷம் கோப்பையையே வென்றது.

ஆனால் என்னைக் கேட்டால் 2008 ஏப்ரல் 16 இதைவிடப் பெரியது. அன்று எதிரே ரேஞ்சர்ஸ், எங்கள் பரம எதிரி. அவர்கள் லீக்கில் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள், தோற்றால் கதை முடிந்தது. 20ஆவது நிமிடத்தில் நகமுரா வெகு தூரத்திலிருந்து அடித்த பந்து காற்றிலேயே திசை மாறி வலைக்குள் விழுந்தது. ஃப்ரீ கிக் இல்லை, ஓடும் பந்து! பிறகு இன்னொரு பந்து அடித்தார். கோல் கோட்டில் நின்று ரேஞ்சர்ஸின் குவெயார் அதைக் கையால் தடுத்துச் சிவப்பு அட்டை வாங்கினார். கடைசி நிமிடங்களில் எங்கள் வெனகோர் தலையால் முட்டி 2-1. அந்த இரவு இல்லாவிட்டால் 2008 பட்டமும் இல்லை.

---

செல்வம் 11

அண்ணே, சும்மா ஒரு சந்தேகம். நான் காலேஜ் அணியில் ஃப்ரீ கிக் எடுக்கிறவன். அவர் உதையை ஸ்லோ மோஷனில் பார்த்தால் ஊன்றிய காலின் கணுக்கால் கிட்டத்தட்ட தரையில் படுத்துவிடுகிறது. அப்படி மடித்தால் எனக்கு வலிக்கிறது. இது பழக்கத்தில் வருமா?

---

கோச் மாணிக்கம்

தம்பி, முதலில் ஒன்று: வலித்தால் நிறுத்து. கணுக்காலைத் தானாக மடிக்கப் பழகாதே. அது உடம்பு சாய்வதால் வருவது. காரணம் வேறு, விளைவு வேறு.

பந்து சுவரைத் தாண்டி ஏறவும் வேண்டும், கோலுக்குள் இறங்கவும் வேண்டும். அதற்குப் பக்கவாட்டுச் சுழற்சி மட்டும் போதாது, முன்னோக்கியும் கொஞ்சம் சுழல வேண்டும். உதைக்கும் கால் பந்தை அடிப்பதோடு நிற்காமல் மேலேயும் குறுக்கேயும் வழித்துக்கொண்டு போக வேண்டும். அவ்வளவு பெரிய வட்டத்தில் கால் சுழல இடம் வேண்டுமென்றால் உடம்பு மறுபக்கம் சாய்ந்தாக வேண்டும். அப்படிச் சாயும்போது ஊன்றிய கால் தானாகப் படுக்கிறது. பெருவிரலின் அடிமூட்டுப் பக்கம், உள்பாதத்தின் அந்தக் கெட்டியான எலும்பு, அங்கே பந்து படுகிறதா என்று மட்டும் முதலில் பார். நின்ற இடத்திலிருந்து, ஓட்டமில்லாமல், 15 மீட்டர் தூரத்துக்கு. மற்றதெல்லாம் பிறகு.

இன்னொன்று. அவருக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நோட்டுப் புத்தகம் எழுதும் பழக்கம். அன்று என்ன செய்தேன், எது வரவில்லை, அடுத்த இலக்கு என்ன என்று எழுதி வைப்பார். நீயும் எழுது. உன் கால் உனக்கு என்ன சொல்கிறது என்பது அதில்தான் தெரியும்.

---

இடதுகால் ரசிகன்

கோச் சார், இந்தப் பதில் ஒன்றுக்காகவே இந்த இழை தொடங்கியது வீண் போகவில்லை.

தேசிய அணியில் அவர் போட்ட ஃப்ரீ கிக்குகளில் ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன். 2003 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை, பிரான்சுக்கு எதிராக, கோல்கீப்பராக ஃபாபியன் பார்த்தே நின்றபோது போட்டது. 2005இல் அதே கோப்பையில் பிரேசிலுடன் 2-2: முதல் கோல் தொலைவிலிருந்து அவர் அடித்தது. இரண்டாவதில், அவர் ஃப்ரீ கிக் கம்பத்தில் பட்டுத் திரும்பியதை ஒகுரோ தள்ளிவிட்டார். மொத்தம் 98 சர்வதேசப் போட்டி, 24 கோல். 100 தொட இரண்டே இரண்டுதான் பாக்கி.

---

மறுப்பாளன்

எல்லாம் சரி, உலகக் கோப்பையைக் கொஞ்சம் நேராகப் பார்ப்போமா? 2006இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். அது கிராஸாகத் தூக்கிய பந்து, அவர்கள் கோல்கீப்பர் ஷ்வார்ஸர் மோதலில் மாட்டிக்கொண்டதால் உள்ளே போனது. 84 நிமிடம் வரை 1-0, பிறகு 8 நிமிடத்துக்குள் மூன்று கோல் வாங்கி 3-1 தோல்வி. குரோஷியாவுடன் 0-0, பிரேசிலிடம் 4-1. 2010இல் அவரை உட்காரவைத்து ஹோண்டாவை முன்னால் நிறுத்தியதும் கேமரூனையும் டென்மார்க்கையும் வென்று கடைசி 16 போனார்கள். டென்மார்க்குக்கு எதிராக இரண்டு ஃப்ரீ கிக் கோல், ஹோண்டாவும் எண்டோவும். பயிற்சியாளர் ஒகாதா எடுத்த முடிவு சரி என்று களமே சொல்லிவிட்டது. ஸ்பெயினிலும் எஸ்பான்யோலில் 13 லீக் மேட்ச்சோடு திரும்பிவிட்டார். பெரிய மேடையில் அவர் நின்றாரா என்று கேட்பது தப்பா?

---

இடதுகால் ரசிகன்

கேட்பது தப்பே இல்லை. 2010 முடிவு அணிக்குச் சரியாக அமைந்தது, அதில் வாதமில்லை. எஸ்பான்யோலும் நடக்கவில்லை. கணுக்கால் காயத்தோடு தென் ஆப்பிரிக்கா போனார், நெதர்லாந்துக்கு எதிராக மட்டும் இரண்டாம் பாதியில் இறங்கினார், அதோடு தேசிய அணியிலிருந்து விலகினார்.

ஆனால் அங்கே முடித்துவிடாதீர்கள், எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. 2010இலேயே மரினோஸுக்குத் திரும்பிவிட்டார். 2013, வயது 35, லீக்கில் 10 கோல். அணியில் பலர் முப்பதைத் தாண்டியவர்கள். கடைசி இரண்டு சுற்றில் ஒரு வெற்றி போதும், பட்டம் உறுதி. நிஸான் ஸ்டேடியத்தில் 62,632 பேர், எதிரே நீகாத்தா, 0-2. அடுத்த வாரம் கவாசாகியில் 0-1. பட்டம் ஹிரோஷிமாவுக்குப் போயிற்று. விசில் ஊதியதும் நகமுரா புல்லில் குப்புற விழுந்து அழுதார், எழுந்திருக்கவே இல்லை. எத்தனை வருஷம் ஐரோப்பாவில் ஆடி எல்லாம் பார்த்தவர்! அந்தத் தோல்வி அவருக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. லீக்கின் சிறந்த வீரர் விருது அந்த ஆண்டு அவருக்கு. அதை இரண்டு முறை வாங்கியவர் அவர் ஒருவர்தான், அந்த வயதில் வாங்கியவரும் அதுவரை கிடையாது. 2014 புத்தாண்டு அன்று பேரரசர் கோப்பை இறுதியில் அதே ஹிரோஷிமாவை 2-0 என்று வென்றார்கள்.

உலகக் கோப்பை நான்கு வருஷத்துக்கு ஒரு மாதம். மீதி மாதங்களை யார் கணக்கில் எடுப்பது?

---

மறுப்பாளன்

2013 எனக்கும் பிடித்த சீசன்தான். ஆனாலும் நகாட்டாவுக்கு மேலே வைக்க மாட்டேன். நகாட்டா 29 வயதில் விட்டுப் போகும் முன்பே ரோமாவோடு இத்தாலியப் பட்டம் வாங்கியவர். அவர் கதவைத் திறந்ததால்தான் நகமுராவுக்கு ரெஜினா.

---

சிவகாமி

இருவரையும் மேலே கீழே வைக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. நகாட்டா 29இல் போதும் என்றார், நகமுரா 44 வரை ஆடினார். 2017இல் ஜுபிலோ இவாதா, 2019 நடுவில் இரண்டாம் பிரிவில் இருந்த யோகோஹாமா எஃப்சி. ஐரோப்பாவில் பெயர் எடுத்தவர் கௌரவம் பார்க்காமல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார், அந்த ஆண்டே அணி மேலே ஏறியது. 2020 செப்டம்பரில் கவாசாகிக்கு எதிரான மேட்ச்சில் 53 வயது கஸுயோஷி மியுராவும் 42 வயது நகமுராவும் ஒன்றாகத் தொடக்க அணியில் இறங்கினார்கள். அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

---

செல்வம் 11

இப்போது என்ன செய்கிறார்?

---

பச்சை வெள்ளை

2022 சீசனோடு ஓய்வு. 2023இல் யோகோஹாமா எஃப்சியிலேயே பயிற்சியாளர் குழுவில் சேர்ந்தார். அந்த டிசம்பரில் மிட்ஸுசாவா மைதானத்தில் பிரியாவிடை மேட்ச் ஆடினார்.

---

கோச் மாணிக்கம்

செல்வம், நீ பார்க்க வேண்டியது இரண்டு. 2004 ஓமன் மேட்ச்சும் 2008 ரேஞ்சர்ஸ் மேட்ச்சும். கோலை மட்டும் பார்க்காதே, பந்து அவரிடம் வருவதற்கு முன்னால் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கிறார் என்று எண்ணு. வேகம் இல்லாதவர் எப்படி நேரம் சம்பாதிக்கிறார் என்பது அங்கே தெரியும்.

தெற்கு ஸ்டாண்ட் அவர்களே, 2002-03 ரெஜினாவின் முழு மேட்ச் ஏதாவது உங்களிடம் இருந்தால் இணைப்புப் போடுங்கள். அந்த மூன்று வருஷத்தை நான் சரியாகப் பார்க்க வேண்டும்.

---

தெற்கு ஸ்டாண்ட்

அட்டலாண்டா பிளே ஆஃப் இருக்கிறது ஐயா. இன்று ராத்திரி ஏற்றிவிடுகிறேன்.